ஒரே ஒரு எபிசோடுக்கு விமர்சனம் எழுதுவது: எக்ஸ்-ஃபைல்ஸ், சீசன் 3, எபிசோடு 4

தெருமுனை_விளக்கு

எக்ஸ்-ஃபைல்ஸ் என்ற அமெரிக்க டிவி தொடரில் மூன்றாம் சீசனின் நாலாவது எபிசோடு, "க்ளைட் ப்ரக்மன்ஸ் ஃபைனல் ரெபோஸ்", இதற்கு மட்டும் தமிழில் ஒரு விமர்சனம் எழுதுகிறேன். முழுத் தொடரைப் பற்றி அல்ல. வரைவு 1,400 வார்த்தை வந்திருக்கிறது. அதில் 950 கதைச்சுருக்கம். மீதி 450-இல் "பீட்டர் பாய்ல் நடிப்பு அபாரம்", "திரைக்கதை நேர்த்தி" ரகம். படித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது.

பார்க்காதவர்களுக்காக: மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் ஜோசியம் சொல்பவர்களை ஒருவன் வரிசையாகக் கொல்கிறான். எஃப்.பி.ஐ. ஆட்கள் மல்டரும் ஸ்கல்லியும் வருகிறார்கள். க்ளைட் ப்ரக்மன் (நடித்தவர் பீட்டர் பாய்ல்) ஆயுள் காப்பீடு விற்கும் வயதானவர். எதிரில் நிற்கும் ஆள் எப்படிச் சாவார் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அதைத் தாண்டி அந்தச் சக்தியால் காலணா பிரயோஜனம் இல்லை. எழுதியவர் டாரின் மோர்கன், இயக்கம் டேவிட் நட்டர், ஃபாக்ஸ் சேனலில் ஒளிபரப்பானது 1995 அக்டோபர் 13.

கேட்க வேண்டியவை நாலு. கதையை எவ்வளவு சொல்வது? முடிவைச் சொல்லாமல் இதை எழுதவே முடியாது போலிருக்கிறது, சொல்லலாமா? வசனங்களைத் தமிழில் தரும்போது உயிர் போய்விடுகிறது, என்ன செய்வது? தொடரே பார்க்காதவருக்கு மல்டர், ஸ்கல்லியை எத்தனை வரியில் அறிமுகப்படுத்துவது?

கத்தரி_பசை

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில்: இரண்டு வரி. மல்டர் எதையும் நம்புவான், ஸ்கல்லி டாக்டர், ஆதாரம் கேட்பாள். போதும். மல்டரோட தங்கச்சி காணாமல் போன கதை, ஏலியன் சதி எல்லாம் இந்த எபிசோடுக்குத் தேவையே இல்லை. அதை உள்ளே இழுத்தால் 150 வார்த்தை வீண்.

950-ஐ 200 ஆக்குங்க. எங்கே நிறுத்தணும்னு தெரியலைன்னா எபிசோடே காட்டிக் கொடுக்கும். இது விளம்பர இடைவேளைக்காக வெட்டப்பட்ட நாடகம்: டைட்டிலுக்கு முன்னால் ஒரு துண்டு, அப்புறம் நாலு அங்கம், மொத்தம் முக்கால் மணி நேரம். ஓடிடியில் விளம்பரம் இல்லாவிட்டாலும் திரை கறுத்து மீளும் இடங்கள் அப்படியே இருக்கும். இரண்டாவது கறுப்பு வரைக்கும் நடப்பதை மட்டும் கதையாகச் சொல்லுங்க. அதுக்கு மேல் நடப்பது எல்லாம் வாதத்துக்குச் சான்றாக மட்டும் வரணும், வரிசையாக வரக்கூடாது. "பிறகு", "அதன்பின்", "இதற்கிடையில்" மூன்றையும் வரைவில் தேடிப் பாருங்க. ஒரு பத்தியில் இரண்டு இருந்தால் அங்கே நீங்க கதை சொல்லிட்டிருக்கீங்க.

இரண்டு தடவை பாருங்க. முதல் தடவை பேனா வேண்டாம். இரண்டாம் தடவை ஒரு தாளில் மூன்று கட்டம்: நிமிடம், என்ன நடக்குது, இது முன்னாடி எங்கே சொல்லப்பட்டது. விமர்சனத்துக்கான சரக்கு முழுக்க மூன்றாவது கட்டத்தில்தான் இருக்கும். தொடர்கதை எபிசோடில் இங்கே போட்ட முடிச்சை மூன்று சீசன் கழிச்சு அவிழ்க்கலாம், அவிழ்க்காமலே கூட விடலாம். தனி எபிசோடுக்கு அந்தச் சலுகை கிடையாது. கொடுத்த கடனை எல்லாம் 45 நிமிஷத்துக்குள் வசூல் பண்ணியாகணும். எதை வசூல் பண்ணியது, எதை விட்டது, எதை நீங்க எதிர்பார்க்காத காசில் வாங்கியது என்று பார்த்தால் விமர்சனம் தானா வந்துடும்.

இந்த எபிசோடில் மூன்றாவது கட்டம் நிரம்பி வழியும். உதாரணத்துக்கு ஒன்று. நடுவில் ப்ரக்மன் ஸ்கல்லியிடம் நம்ம இரண்டு பேர் முடிவும் எனக்குத் தெரியும்னு சொல்றார். ஒரே படுக்கையில் இருப்போம், நீங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு பரிவோடு பார்ப்பீங்க, என் கன்னத்தில் கண்ணீர் வழியும். கிழவர் வழியறார்னு ஸ்கல்லி நினைக்கிறாள், நாமும்தான். அவர் கணிப்பில் இது தப்பிப் போனதுன்னு சிரிச்சுக்கிட்டே ஒதுக்கிடறாள். கடைசியில் அவர் இறந்து கிடக்கும் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடிச்சுக்கறாள். சொன்னதில் ஒரு சொல் கூட மாறலை. மாறியது நாம அதைக் கேட்ட விதம் மட்டும்தான். உங்க விமர்சனத்தில் 300 வார்த்தையை இந்த ஒரே இடத்துக்குக் கொடுங்க.

விருதை முதல் பத்தியில் போடாதீங்க. 1996-இல் டாரின் மோர்கனுக்கு எழுத்துக்கும் பீட்டர் பாய்லுக்குச் சிறப்புத் தோற்றத்துக்கும் அமெரிக்க டிவி விருதான எம்மி கிடைச்சது உண்மை. அதைத் தொடக்கத்திலேயே சொன்னால் வாசகர் தலையாட்டத் தயாராயிடுவார். அப்புறம் உங்க வாதத்தைக் காதில் வாங்க மாட்டார்.

சகுனப்_பூனை

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். அமானுஷ்யக் கதைக்கு விமர்சனம் எழுதும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சக்தியின் விதிகளை. பேய் இருக்கா இல்லையா என்பது விமர்சகர் வேலை இல்லை. தான் போட்ட விதியைக் கதை தானே மீறுதா என்பதுதான் வேலை.

இதில் விதி ரொம்பக் கறார். ப்ரக்மனுக்குச் சாவு மட்டும்தான் தெரியும். கொலையாளி எங்கே இருக்கான், பேர் என்ன, எதுவும் தெரியாது. மல்டர் சோதனை பண்ணுவதற்காக ஒரு துணித்துண்டைக் கையில் கொடுக்கிறான். அது மல்டரோட நியூயார்க் நிக்ஸ் டி-ஷர்ட்டில் கிழிச்சது. ப்ரக்மனால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியலை. நிறையப் பேர் இதை வெறும் ஜோக்காகக் கடந்துடறாங்க. அது ஜோக் மட்டும் இல்லை, வேலி போடற காட்சி. சக்தி இதுவரைக்கும்தான், இதுக்கு மேல் இல்லை.

அடுத்தது, விமர்சனங்களில் திரும்பத் திரும்ப வரும் தப்பு. "ப்ரக்மன் சொன்னபடி மல்டர் சாகவில்லை, எனவே விதியை மாற்ற முடியும் என்கிறது எபிசோடு" என்று எழுதிடுவாங்க. ஹோட்டல் சமையலறை, கீழே கிடக்கும் க்ரீம் பை (pie) என்ற பலகாரத்தில் மல்டர் கால் வைப்பது, பின்னாலிருந்து கழுத்தில் கத்தி: இந்தக் காட்சியை ப்ரக்மன் சொல்லும் இடத்தை மறுபடி கேளுங்க. அது கொலையாளி மனசில் ஓடும் காட்சி. ப்ரக்மன் அதைப் படிச்சுச் சொல்றார். கொலையாளிக்கும் முன்கூட்டியே தெரியும் சக்தி இருக்கு. தான் செய்யப் போவதைத் தானே பார்த்துட்டு, ஏன் செய்யறேன்னு கேட்கத்தான் ஜோசியக்காரர்களைத் தேடிப் போறான். நிஜத்தில் ஸ்கல்லி தவறிப்போய் வேலையாட்கள் லிஃப்டில் ஏறி, நேரா சமையலறையில் வந்து இறங்கி, அவனைச் சுடறாள். இப்படி நடக்கக் கூடாதேங்கிற மாதிரிதான் அவன் கடைசி வார்த்தையே இருக்கும்.

ஆக, பொய்த்தது அவன் கண்ட காட்சி. ப்ரக்மன் தானாகக் கண்ட சாவுகளில் எபிசோடுக்குள் பொய்த்தது ஒன்று கூடக் காட்டப்படலை. இந்த வித்தியாசத்தைப் பிடிச்சால் உங்க விமர்சனம் மற்ற பத்தில் இருந்து தனியா நிற்கும். இதைப் பிடிக்காமல் "விதியா, மதியா" என்று தலைப்புப் போட்டால் பட்டிமன்றம் ஆயிடும்.

தலைப்புக்கு ஒரு பழமொழி தயாரா இருக்கு, எடுத்துக்கோங்க: ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

பழைய_ஆன்டெனா

பழமொழி முதல் காட்சியில் சாகும் மேடம் ஸெல்மாவுக்குக் கச்சிதம். எதிரில் உட்கார்ந்திருப்பவன் கையில் தன் சாவு இருப்பதைப் பார்க்காத கைரேகைக்காரி. ஆனால் அதை முழு எபிசோடுக்கும் தலைப்பாக வைத்தால் தவறு. ப்ரக்மன் பானையில் தெரியாமல் விழும் பல்லி இல்லை. பானை எங்கே இருக்கிறது, எப்போது விழுவோம் எல்லாம் தெரிந்த பல்லி. பிரச்சினையே அதுதான்.

இங்கே எல்லாரும் ஒரே குரலில் பாராட்டுவதால் குறைகளையும் சொல்லி வைக்கிறேன். விமர்சனம் என்றால் ஒன்றாவது வேண்டும்.

முதலாவது, கொலையாளி. ஸ்டூ சார்னோ நன்றாகத்தான் செய்திருக்கிறார், ஆனால் பாத்திரத்துக்குப் பெயர் கூட இல்லை. நடிகர் பட்டியலில் "பப்பெட்", அதாவது பொம்மை. ஏன் கொலை செய்கிறேன் என்று அவன் கேட்கும் கேள்விக்கு, நீ கொலைவெறி பிடித்தவன், அதனால்தான் என்று ப்ரக்மன் ஒரே வரியில் பதில் சொல்வது அருமையான நகைச்சுவை. ஆனால் துப்பறியும் பாதி அந்த ஒரு வரியோடு தீர்ந்துவிடுகிறது. ஹோட்டலில் ப்ரக்மனுக்குக் காவலாக இருக்கும் டிடெக்டிவ் ஹாவெஸ் சாவது கதை ஓட்டத்துக்குத் தேவைப்பட்டதால் நடக்கும் சாவு, அதில் கனமில்லை. இதை எழுதுங்கள். எழுதினால் பாராட்டுக்கு மதிப்பு கூடும்.

இரண்டாவது, ஒரு தகவல் பிழை. தனக்கு இந்தச் சக்தி எப்படி வந்தது என்று ப்ரக்மன் விளக்கும் இடம். 1959 பிப்ரவரி 3 விமான விபத்து: பாடகர்கள் பட்டி ஹாலி, ரிச்சி வாலன்ஸ், பிக் பாப்பர் என்ற ஜே. பி. ரிச்சர்ட்ஸன் மூவரும் இறந்தார்கள். பிக் பாப்பர் நாணயம் சுண்டி ஜெயித்து அந்த இருக்கையைப் பெற்றார், அதையே யோசித்து யோசித்துத்தான் எனக்கு எல்லார் சாவும் தெரிய ஆரம்பித்தது என்கிறார் ப்ரக்மன். நிஜத்தில் நாணயம் சுண்டி இடம் பிடித்தவர் வாலன்ஸ். பிக் பாப்பருக்குக் காய்ச்சல், அதனால் ஹாலியின் குழுவில் இருந்த வேலன் ஜென்னிங்ஸ் தன் இருக்கையை விட்டுக்கொடுத்தார். பெரிய ஓட்டை இல்லை. ஆனால் வாழ்க்கையே தற்செயல்களின் சங்கிலி என்று சொல்லும் ஒரு வசனத்தில் சங்கிலியின் கண்ணியே மாறிப் போயிருப்பது சுவாரஸ்யம். ஒரு அடைப்புக்குறிக்குள் போடலாம், தனிப் பத்தி வேண்டாம்.

மூன்றாவது, எந்தப் பதிப்பைப் பார்க்கிறீர்கள்? 1995-இல் ஒளிபரப்பானது பழைய டிவி அளவான 4:3 சட்டகம். பிறகு வந்த எச்டி பதிப்பு அகலத்திரை, 16:9. காட்சியமைப்பைப் பற்றி, ஆள் ஓரத்தில் நிற்கிறார், தலைக்கு மேல் வெற்றிடம் இருக்கிறது என்றெல்லாம் எழுதுவதானால் எதைப் பார்த்து எழுதுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய டிவிடி வைத்திருப்பவர் வந்து வம்புக்கு நிற்பார்.

சொல்_தராசு

வசன மொழிபெயர்ப்பு பற்றி மட்டும்.

இந்த எபிசோடில் எல்லாரும் நினைவில் வைத்திருப்பது ஒரே கேள்வி பதில். நான் எப்படிச் சாகிறேன் என்று ஸ்கல்லி கேட்கிறாள். ஆங்கிலத்தில் ப்ரக்மன் சொல்வது "யூ டோன்ட்", இரண்டே சொல். சாவு என்ற சொல்லே பதிலில் இல்லை. இறந்த காலமும் இல்லை, எதிர்காலமும் இல்லை. தமிழில் இதைப் போடும்போது மூன்று குழிகள் இருக்கின்றன.

"நீங்கள் சாக மாட்டீர்கள்." இது ஆறுதல். ஐசியூ வாசலில் டாக்டர் சொல்கிற தொனி வந்துவிடுகிறது.

"உங்களுக்குச் சாவே கிடையாது." இது வரம். சிவன் பிரத்யட்சமாகிவிடுவார்.

"நீங்கள் இறப்பதில்லை." அர்த்தம் சரி, ஆனால் "இறப்பு" என்ற மரியாதைச் சொல் ப்ரக்மன் வாயில் ஒட்டாது. அவர் சாவைப் பற்றி மின்வெட்டு அறிவிப்பு வாசிக்கிற மாதிரிதான் பேசுவார். பாலிசி வாங்க வந்த இளம் கணவனிடம், இன்னும் இரண்டு வருஷத்தில் குடித்துவிட்டு ஓட்டுகிற ஒருத்தன் எதிரில் வந்து மோதுவான், வண்டி நீல நிற 1987 மஸ்டாங் என்று மாடல் ஆண்டு சேர்த்துச் சொல்கிறவர் அவர். விற்பனை கெட்டுப் போவதில் என்ன ஆச்சரியம்.

என் தீர்ப்பு: கேள்வியை "நான் எப்படிச் சாகிறேன்?" என்று நிகழ்காலத்திலேயே வைத்து, பதிலை "சாவதில்லை" என்று ஒற்றைச் சொல்லாக விடுங்கள். "நீங்கள்" வேண்டாம், வியப்புக்குறி வேண்டவே வேண்டாம். அதற்குப் பிறகு ஒரு விளக்க வாக்கியமும் எழுதாதீர்கள். பத்தியை அங்கேயே முடியுங்கள்.

ஆறாவது சீசனில் "டித்தோனஸ்" எபிசோடு இந்தப் பதிலைத் தொட்டுச் செல்கிறது என்று பலர் சேர்த்துப் படிப்பார்கள். உங்களுக்கு வேண்டாம். தனி எபிசோடு என்று சொல்லிவிட்டு மூன்று சீசன் தாண்டிச் சாட்சி கூப்பிடக் கூடாது. இந்த எபிசோடுக்குள் வசூலாகாத ஒரே கடன் அந்தப் பதில்தான், அப்படியே தொங்கட்டும்.

எபிசோடு பெயர்: "இறுதி ஓய்வு" என்றால் பென்ஷன் வாங்கப் போகிறார் போல இருக்கும். "மீளாத்துயில்" கண்ணீர் அஞ்சலி போஸ்டர். "க்ளைட் ப்ரக்மனின் கடைசி உறக்கம்" என்று வையுங்கள். கடைசிக் காட்சி படுக்கையில் நடப்பதால் உறக்கம் என்ற சொல் இரண்டு வேலை செய்யும். மல்டரின் சாவு பற்றி ப்ரக்மன் சாடையாகச் சொல்லும் படுக்கையறை ஜோக்கைத் தமிழில் விளக்கப் போகாதீர்கள். "மல்டருக்குக் கொஞ்சம் மானக்கேடான சாவு என்று கோடி காட்டுகிறார்" என்று தாண்டிவிடுங்கள்.

இன்னொன்று. ப்ரக்மனை "எல்ஐசி ஏஜெண்ட்" என்று எழுதத் தோன்றும், படமும் சட்டென்று கண்ணில் வரும். ஆனால் இடம் மினசோட்டா. ஒரு முறை ஒப்பிட்டுக்கொள்ளலாம், அதோடு விட்டுவிடுங்கள்.

தெருமுனை_விளக்கு

எல்லாருக்கும் நன்றி. லிஃப்ட் காட்சியையும் கொலையாளியின் காட்சியையும் நான் குழப்பித்தான் எழுதியிருந்தேன். தொடக்கத்தை மாற்றிவிட்டேன், இப்படி:

"மனித மனத்தின் ஆழங்களில் உறைந்திருக்கும் மரண பயத்தை நகைச்சுவை எனும் கண்ணாடி வழியே காட்டும் அற்புதப் படைப்பு இது. க்ளைட் ப்ரக்மன் என்ற சாதாரண மனிதனின் அசாதாரணமான வாழ்க்கையை…"

இரண்டு சந்தேகம் மீதி இருக்கிறது. முடிவில் ப்ரக்மன் தன் உயிரைத் தானே எடுத்துக்கொள்கிறார். அதை எப்படி எழுதுவது? பெயர்களுக்குப் பின்னால் ஏதோ பழைய சினிமா சங்கதி இருக்கிறதாமே, அதைச் சேர்க்கலாமா?

கத்தரி_பசை

அந்தத் தொடக்கத்தை அப்படியே தூக்குங்க. கண்ணாடி, ஆழம், அற்புதம் மூன்றும் எந்த எபிசோடுக்கும் பொருந்தும், அப்படின்னா எதுக்கும் பொருந்தாது. ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கிட்டு ஆரம்பிங்க. என் கைக்கு வந்தது இது:

"சம்பவ இடத்தில் போலீஸ்காரர்கள் ஒரு ஆளுக்காகக் காத்திருக்கிறார்கள். கொஞ்சம் வினோதமானவராம், ஆனால் கெட்டிக்காரராம். மல்டரும் ஸ்கல்லியும் உள்ளே வருகிறார்கள். நீங்க யாரு என்கிறார்கள் போலீஸ்காரர்கள்."

அவங்க காத்திருந்தது டிவி ஜோசியர் யாப்பிக்கு. இது எபிசோடு தொடங்கி சில நிமிஷத்தில் வரும் காட்சி, எதையும் போட்டு உடைக்காது. தொடர் தெரிந்தவங்களுக்கு மல்டரைத்தான் சொல்றாங்கன்னு தோணி ஏமாந்த சிரிப்பு வரும். தெரியாதவங்களுக்கு மல்டர் எப்படிப்பட்ட ஆள்னு இலவசமாகப் புரியும். நீங்க கேட்ட இரண்டு வரி அறிமுகமும் இதிலேயே முடிஞ்சது. அடுத்த காட்சியில் யாப்பி, இந்த அறையில் நம்பிக்கை இல்லாத ஒருத்தர் இருக்கார்னு சொல்லி, ஸ்கல்லியை விட்டுட்டு மல்டரை வெளியே அனுப்புவார். தொடரிலேயே எதையும் நம்பற ஒரே ஆளை. போலி ஜோசியனை வைத்து நிஜ ஜோசியனுக்கு அளவுகோல் போடறாங்க: யாப்பி சொல்வது யாருக்கும் பொருந்தும், ப்ரக்மன் சொல்வது அந்த ஒரு ஆளுக்கு மட்டும்தான் பொருந்தும்.

நடிப்புக்கும் இதே வைத்தியம். "அபாரம்" என்ற சொல்லை அடிச்சுட்டு, பீட்டர் பாய்ல் என்ன செய்யறார்னு எழுதுங்க. குரலை ஏத்தறதில்லை. அடுத்தவன் சாவைச் சொல்லும்போது பரிதாபப்படறதும் இல்லை, பயமுறுத்தறதும் இல்லை. ரொம்ப நாளா ஒரே ஃபாரத்தை நிரப்பிச் சலிச்ச குமாஸ்தா மாதிரி இருக்கார். டூலிப் வயலில் தன் உடம்பு அழுகிக் கரைவதைக் கனவாகச் சொல்லும்போது கூட அதே குரல். படத்தில் உடல் கண்முன்னே சிதையும், குரல் சிதையாது. நடிப்புப் பத்திக்கு இந்த ஒரு முரண் போதும்.

பழைய_ஆன்டெனா

தற்கொலை பற்றி. முடிவைச் சொல்லலாமா என்று முதல் பதிவிலேயே கேட்டீர்கள். 1995 எபிசோடு, தலைப்பிலேயே கடைசி உறக்கம் என்று போட்டிருக்கிறார்கள். சொல்லலாம். மூன்றாவது பத்திக்கு முன்னால் "இனி முடிவும் பேசப்படும், அதில் ஒரு தற்கொலை உண்டு" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். கதை தெரியக்கூடாது என்பவருக்கும், அந்தப் பேச்சே வேண்டாம் என்பவருக்கும் ஒரே வரியில் எச்சரிக்கை.

எப்படிச் செய்துகொண்டார் என்பதை விவரிக்காதீர்கள், எதனால் என்பதையும் ஒரே காரணமாகச் சுருக்காதீர்கள். "விதியிலிருந்து விடுதலை அடைந்தார்" என்பது போன்ற வாக்கியம் கூடவே கூடாது. எபிசோடே அதை விடுதலையாகக் காட்டவில்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், கன்னத்தில் வழியும் அந்தத் துளி. ப்ரக்மன் முன்பே சொன்ன கண்ணீர் அதுதான். உண்மையில் அது கண்ணீர் அல்ல, அவருடைய மூச்சின் ஈரம். கேமரா அதை மிக அருகில் காட்டுகிறது. காரணம் சொல்லாமல் இவ்வளவே எழுதலாம்: "கண்ணீர் போலத் தெரியும் ஒரு துளி." பார்த்தவருக்குப் புரியும், பார்க்காதவருக்கு எதுவும் குறையாது. கட்டுரைக்கு அடியில் நாளிதழ்கள் போடுவது போல 104, 14416 இரண்டு உதவி எண்களையும் கொடுத்துவிடுங்கள்.

நாயை மறந்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டு அம்மாள் இறந்த பிறகு என்ன ஆவார் என்பதை ப்ரக்மன் தொடக்கத்திலேயே பார்த்துவிடுகிறார்: வளர்த்த பொமரேனியனே அவரைத் தின்னும். அதுவும் நடக்கிறது. அந்த நாயைத்தான் அவர் ஸ்கல்லிக்கு விட்டுச் செல்கிறார். கொடூரமும் அன்பும் ஒரே பார்சலில் வருகிற மாதிரி. க்வீக்வெக் என்ற பெயரோடு அது அதே சீசனின் 12-ஆம் எபிசோடில் தலைகாட்டி, 22-ஆம் எபிசோடில் செத்துப் போகும். அது உங்கள் கட்டுரைக்கு வெளியே.

சகுனப்_பூனை

பழைய சினிமா சங்கதி: க்ளைட் ப்ரக்மன் நிஜமான பெயர். மௌனப்பட நகைச்சுவை எழுத்தாளர், இயக்குநர். நடிகர் பஸ்டர் கீட்டனோட சேர்ந்து 1926-இல் "தி ஜெனரல்" இயக்கியவர். டிடெக்டிவ்கள் க்ளைன், ஹாவெஸ் இரண்டும் கீட்டனோட வேலை பார்த்த எட்டி க்ளைன், ஜீன் ஹாவெஸ் பெயர்கள். இதெல்லாம் பட்டியல் போட ஆசையா இருக்கும். போடாதீங்க, க்விஸ் மாதிரி ஆயிடும்.

இரண்டே இரண்டு விஷயம் வாதத்துக்கு உதவும். ஒன்று, நிஜ ப்ரக்மன் 1955-இல் தற்கொலை செய்துகொண்டவர். பெயர் தெரிந்தவனுக்கு எபிசோடின் தலைப்பிலேயே முடிவு தெரிஞ்சுடும். அதாவது அந்தப் பார்வையாளரும் ப்ரக்மன் மாதிரியே, முடிவைத் தெரிஞ்சுக்கிட்டு மீதி 40 நிமிஷம் உட்கார்ந்திருக்கார். இரண்டாவது, மல்டர் கால் வைக்கும் அந்த க்ரீம் பை. நகைச்சுவை ஜோடி லாரல், ஹார்டி நடிச்ச 1927-ஆம் வருஷத்து "தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி"யில் ஒரு தெருவே இந்த க்ரீம் பைகளை எடுத்து எறிஞ்சு சண்டை போடும். அதை இயக்கியவர் இதே ப்ரக்மன். உயிர் போகும் இடத்தில் அவர் தொழிலோட பழைய ஜோக் கிடக்கு. இந்த எபிசோடின் கடைசியில் ஸ்கல்லி வீட்டு டிவியில் ஓடறதும் லாரல், ஹார்டிதான்.

சொல்_தராசு

அந்த இடத்தில்தான் கட்டுரையை முடிக்கச் சொல்வேன். டிவியில் நடுவில் யாப்பியின் ஃபோன் ஜோசிய விளம்பரம் வருகிறது, ஸ்கல்லி கையிலிருந்த ஃபோனைத் திரை மேல் எறிகிறாள். பலர் படுக்கைக் காட்சியோடு கட்டுரையை முடித்துவிடுவார்கள், சோகம் கனமாக இருக்கும் என்று. எபிசோடு அங்கே முடியவில்லை. மோர்கன் அழவைத்த கையோடு இன்னொரு ஜோக்கை வைத்துத்தான் கதவைச் சாத்துகிறார்.

தெருமுனை_விளக்கு

தொடக்கத்தை மாற்றிவிட்டேன், 1,400 இப்போது 1,120. கதைச்சுருக்கம் 210. "அபாரம்" ஒன்று மிச்சம் இருக்கிறது, அதையும் எடுக்கிறேன். ஒரு சின்னக் கேள்வி: 1995 அக்டோபர் 13 வெள்ளிக்கிழமை. 13-ஆம் தேதி வெள்ளி என்று ஒரு வரி சேர்க்கலாமா?

பழைய_ஆன்டெனா

தொடர் அப்போது வாராவாரம் வெள்ளிதான். அக்டோபர் 13 தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டரின் பிறந்தநாளும் கூட, அவர் கம்பெனி பெயரே டென் தர்ட்டீன் (பத்தாம் மாதம், 13). இதையெல்லாம் சேர்த்தால் தற்செயலுக்கு அர்த்தம் தேடும் யாப்பி ஆகிவிடுவீர்கள். தேதியை மட்டும் போடுங்கள், கிழமை வேண்டாம்.